நாலு கிலோமீட்டரைச் சுருக்கியவள்

செங்கால்குறிச்சியில் நாலு கிலோமீட்டர் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அதை முதலில் கண்டது கீழக்கரை இசக்கியம்மாள். முருங்கைக்காய்க் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருக்கோடியைத் தாண்டிக் காலெடுத்து வைத்தவள், வைத்த கால் பாலத்தின் மேல் இருப்பதையும், இருபது எட்டு நடந்ததும் தேரடி வந்துவிட்டதையும் பார்த்து, வெயிலுக்கு முந்தி வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டு, அன்றைக்குக் காய் வாங்கியவர்களுக்கெல்லாம் கொசுறாக ஒரு காய் சேர்த்துக் கொடுத்தாள்.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கால்வாய் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. மேலக்கரையில் நாங்கள் இருக்கிறோம். கோயிலும் தேரடியும் நாலு ரத வீதியும் ஆஸ்பத்திரியும் பஸ் நிறுத்தமும் எங்கள் பக்கம். கீழக்கரையில் ஒரே ஒரு தெரு, நூற்றுப்பத்து வீடு. அங்கே தெருக்கோடியில் நின்று கூப்பிட்டால் தேரடியில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். ஆனால் வந்து சேர வேண்டுமென்றால் வடக்கே இரண்டு கிலோமீட்டர் போய், பாலத்தைக் கடந்து, மறுபடியும் தெற்கே இரண்டு கிலோமீட்டர் வர வேண்டும். தேரடிக்கு நேராக ஒரு பாலம் கேட்டு அவர்கள் மனுக் கொடுக்காத வருஷம் இல்லை. மண் தாங்காது என்றோம், நந்தவனம் போய்விடும் என்றோம், தேருக்கு இடைஞ்சல் என்றோம். உண்மைக் காரணம் எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், மனுவை வாங்கி வைத்துக்கொண்ட அதிகாரிக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கீழக்கரையில் முத்துக்கனி என்று ஒருத்தி. பாலிடெக்னிக்கில் கொஞ்ச காலம் கணக்கு நடத்திவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவள். அவள் எழுதிக்கொண்டிருந்தது எண்ணைத் தட்டினால் விடை துப்புகிற கால்குலேட்டர் அல்ல. எக்ஸையும் ஒய்யையும் எழுத்தாகவே வைத்துக்கொண்டு, நீண்ட ஒரு கோவையைக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் விதி பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்திய இடத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, இனிமேல் மாற்ற ஒன்றுமில்லை என்கிறவரை மாற்றி எழுதிக்கொண்டே போகிற நிரல். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'சுருக்குக' என்று ஒரே வார்த்தையில் நம்மை மிரட்டுவார்களே, அந்த வேலைதான். மதிப்பு மாறக் கூடாது, வடிவம் மட்டும் மாறலாம் என்பது அதன் தர்மம்.

முந்தின வருஷம் அவளுடைய மதினி சந்தனமாரிக்கு வலி எடுத்து ஆட்டோவில் கொண்டுபோனபோது, பாலம் தாண்டித் தெற்கே இறங்குகிற சாலையில் பிள்ளை பிறந்து, அழாமலே அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் மிச்சம் இருந்தது. ஆட்டோவில் மதினியின் தலையை மடியில் வைத்திருந்தவள் முத்துக்கனி. அந்தச் சாலையை அவள் மன்னிக்கவே இல்லை. ஆகவே 'ஒன்றிலிருந்து அதுவே கழிந்தால் சுழி' என்கிற விதியை எழுதி முடித்த செவ்வாய்க்கிழமை, சோதித்துப் பார்ப்பதற்கு எக்ஸையும் ஒய்யையும் போடாமல், வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியைப் போட்டாள். வடக்கே இரண்டு, அப்புறம் பாலம், அப்புறம் தெற்கே இரண்டு. தெற்கு என்பது கழித்தல் வடக்குத்தானே. ஏறின இரண்டும் இறங்கின இரண்டும் அடிபட்டுப் போய்த் திரையில் பாலம் மட்டும் மிஞ்சியது. அப்போது சந்தனமாரிக்கு மறுபடியும் ஏழு மாதம்.

சாலை எங்கும் போய்விடவில்லை. அதன் புளியமரங்களோடு இருந்த இடத்திலேயே இருந்தது, வயலுக்குப் போகிறவர்கள் அதில்தான் போனார்கள். கீழக்கரையிலிருந்து ஊருக்குள் வர அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். முதல் வாரம் நாங்கள் வேடிக்கை பார்த்தோம், இரண்டாம் வாரம் முணுமுணுத்தோம், மூன்றாம் வாரம் கீழக்கரைப் பால் பொழுது விடியும் முன்பே நுரை அடங்காமல் வீட்டு வாசலுக்கு வந்ததில் முணுமுணுப்பை மறந்தோம். பஞ்சாயத்து எழுத்தர் வரைபடத்தைத் திருத்துவதா வேண்டாமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். தூரம் குறைந்ததற்கு ஒப்புதல் பெறப்பட்டதா என்று பதில் வந்தது. பாலத்தடியில் டீக்கடை வைத்திருந்த மந்திரம் அண்ணாச்சிதான் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கடையில் உட்காருகிறவர்கள் எல்லாம் இரண்டு கிலோமீட்டர் நடந்து களைத்தவர்கள்; களைப்பே இல்லாதவனுக்கு எதற்கு டீ?

அவருக்கு இன்னொரு கஷ்டமும் வந்தது. விதி ஊருக்குள் பழகப் பழக, வேறு சிலதும் அடிபடத் தொடங்கின. மந்திரம் டீயை மேலேயிருந்து கீழே ஊற்றி, கீழேயிருந்து மேலே ஊற்றி ஆற்றுவார். ஏறினதும் இறங்கினதும் அடிபட்டு டீ கொதிக்கக் கொதிக்க அப்படியே இருந்தது. ஊதிக் குடிக்கப் பழகிக்கொண்டோம். பூங்காவில் ஊஞ்சல் ஆடவில்லை. சாயங்காலம் காலாற நடந்துவிட்டு வருகிற ரிட்டையர்டு தாசில்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினால் வாசற்படி ஏறிக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு நல்லது என்று அவர் சம்சாரம் சொன்னாள். கடைக்குப் போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெறும் பையோடு போவது வேறு, நிறைந்த பையோடு வருவது வேறு, அது அடிபடாது; போனபடியே திரும்பி வருவதுதான் அடிபடும் என்று முத்துக்கனி விளக்கினாள். மூச்சும்தான் போய்ப் போய் வருகிறது, அதுவும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டதற்கு, "உள்ள போறது ஒண்ணு, வெளிய வாரது வேற ஒண்ணுலா மாமா, பயப்படாம இழுத்து விடுங்க" என்றாள்.

இப்படி எல்லாவற்றையும் சீரணித்துக்கொண்டிருந்த ஊர், பங்குனித் தேரன்றைக்குத் திணறிவிட்டது.

வடிவாம்பிகைக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் தேர். கோயில் தர்மகர்த்தா ஆவுடையப்பன் முதலில் வடத்தைத் தொட வேண்டும். தொட்டவர், சுற்றி வந்து தேர் நிலையில் நிற்கிறவரை கையை எடுக்கக் கூடாது, எடுத்தால் ஊருக்கு ஆகாது. அவர் தாத்தா காய்ச்சலோடு வடத்தைப் பிடித்தபடியே நாலு வீதியும் வந்த கதையை அவர் வருஷம் தவறாமல் சொல்வார். அன்றைக்கும் சொன்னார், வடத்தைத் தொட்டார், வேட்டுப் போட்டார்கள், ஆயிரம் பேர் ஒரே மூச்சாக இழுத்தோம். தேர் நிலையில் நின்றது. மறுபடி இழுத்தோம், நிலையில் நின்றது. அது கிளம்பவில்லை என்று சொல்ல முடியாது. கிளம்பி, நாலு வீதியும் சுற்றி, போனபடியே திரும்பி வந்து சேர்ந்துவிட்டது. கிழக்கே போனதும் மேற்கே வந்ததும் அடிபட்டன, தெற்கும் வடக்கும் அடிபட்டன. அம்பாள் கழுத்து மாலை வாடவில்லை, வீதியில் கோலம் போட்டு விளக்கேற்றிக் காத்திருந்த பெண்கள் ஒருத்தியும் அவளைப் பார்க்கவில்லை. மூன்றாம் தடவையும் நிலையிலேயே நின்றபோது கூட்டத்தில் யாரோ அழுதார்கள். அம்பாள் நாலு வீதியையும் பார்த்துவிட்டு வருவதற்குத்தானே தேர், பார்க்காமல் திரும்புவதற்கா என்று பட்டர் தேர்த்தட்டில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

நாங்கள் எல்லோரும் பாலத்துக்கு ஓடினோம். ஆவுடையப்பன் முன்னால் நின்றார். பாலத்தின் மேலக்கரை முனையில்தான் நின்றார், ஏனென்றால் அவரோ அவர் வீட்டு ஆட்களோ கீழக்கரை மண்ணில் கால் வைத்ததில்லை, நாங்களும் அப்படித்தான். எங்கள் பேச்சை எங்களுக்கும் கீழக்கரைக்கும் பொதுவாக டீ போட்ட மந்திரம் அண்ணாச்சிதான் பாலத்தில் நடந்து அந்தப் பக்கம் கொண்டுபோனார்.

"அந்தப் புள்ளைட்ட சொல்லும். அவ சௌகரியத்துக்கு ஊர்த் தேரை நிறுத்தியிருக்கா. இந்த நிமிஷமே அதை அழிக்கணும்," என்றார் ஆவுடையப்பன்.

மந்திரம் போனார், வந்தார். "அழிச்சா பாலம் பழைய எடத்துக்குப் போயிருமாம். மதினிக்கு வலி எடுத்திருக்காம். அழிக்க மாட்டாளாம்."

"வலி எடுத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டும்."

"எப்படிப் போவ? பாலம் பூரா நீங்கள்லா நிக்கிய."

நாங்கள் அசையவில்லை. எங்களைப் பற்றி இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: தேர் ஓடுகிறவரை பாலத்தை விட்டு இறங்க மாட்டோம் என்று கையைக் கோத்துக்கொண்டு நின்றோம். அந்தப் பக்கம் முத்துக்கனியின் அண்ணன் சுடலைமணி, பெண்சாதியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தெருக்கோடிவரை வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். சந்தனமாரி சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முத்துக்கனி வீட்டு வாசலில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். விதியை எடுத்தால் மதினி நாலு கிலோமீட்டர் போக வேண்டும், எடுக்காவிட்டால் இருபது எட்டுக்கூடப் போக முடியாது. தேரை ஓட்டினால்தான் பாலம் காலியாகும். தேரை ஓட்ட வேண்டுமென்றால், வேறு எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதே, இதன் மதிப்பு இதன் நடையில்தான் இருக்கிறது என்று நிரலுக்குச் சொல்லத் தெரிய வேண்டும். அவள் 'அப்படியே' என்று ஒரு கட்டளை எழுதினாள். அதற்குள் எதை வைத்தாலும் நிரல் அதைத் தொடாது. எழுதினது எழுதினபடி, ஒரு அடி கூடாமல் குறையாமல் நடக்கும்.

"தேர் போற வழியை ஒண்ணொண்ணாச் சொல்லச் சொல்லுங்க அண்ணாச்சி. நாலு வீதின்னு மொத்தமாச் சொன்னா அதுக்குப் புரியாது."

ஆவுடையப்பன் சொன்னார். தேரடியில் தொடங்கி, கீழரத வீதி, தெற்குரத வீதி, மேலரத வீதி, வடக்குரத வீதி, மறுபடி தேரடி. மந்திரம் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முத்துக்கனி தேரடி என்று அடித்தாள், கீழரத வீதி என்று அடித்தாள், அடித்துவிட்டு விரலை எடுத்தாள். தேரடியிலிருந்து போலவே, கீழரத வீதி முடிகிற முனையிலிருந்து பார்த்தாலும் இப்போது பாலம். பாலத்தைத் தாண்டினால் இந்தத் தெரு. அவள் ஆச்சியும் அம்மாவும் கால்வாய்க்கு இந்தக் கரையில் நின்று, அந்தக் கரையில் தேரின் உச்சிக் குடை மட்டும் வீட்டுக் கூரைகளுக்கு மேலே நகர்ந்து போவதைப் பார்த்துக் கும்பிட்ட தெரு. உள்ளே சந்தனமாரி முதல் தடவையாகக் கத்தினாள். முத்துக்கனி 'பாலம், கீழக்கரைத் தெரு, பாலம்' என்று அடித்துவிட்டு, அதற்கப்புறம் தெற்குரத வீதியை அடித்தாள். ஆசையில்தான் அடித்தேன் என்று பிறகு அவளே சொன்னாள்.

"எழுதியாச்சாம்," என்று மந்திரம் வந்து சொன்னார். "ஒரு நடை வந்து சரி பாத்துக்கிடுதியளா?"

ஆவுடையப்பன் பாலத்தின் அந்த முனையைப் பார்த்தார். அங்கே தொடங்குகிற மண்ணைப் பார்த்தார். இருபது எட்டுத்தான்.

"எதுக்கு? நாலு வீதி எனக்குத் தெரியாதா? தட்டச் சொல்லும்."

அவள் தட்டினாள்.

நாங்கள் பாலத்தை விட்டு இறங்கித் தேருக்கு ஓடினோம். எங்கள் கடைசி ஆள் இறங்கின அதே மூச்சில் சுடலைமணி பெண்சாதியைக் கையில் ஏந்திக்கொண்டு பாலத்தில் ஏறினான். எண்ணி இருபதே எட்டு. தேரடியில் கூட்டம் தானாகவே வகிடு எடுத்ததுபோல விலகியது, ஒரு நர்ஸ் படியிறங்கி எதிரே வந்தாள், ஆஸ்பத்திரிக் கதவு மூடியது. இங்கே வேட்டுப் போட்டார்கள், ஆவுடையப்பன் வடத்தைத் தொட்டார், இழுத்தோம், தேர் அசைந்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது! மரச் சக்கரம் மண்ணை அரைக்கிற சத்தமும், கண்டாமணியும், ஆயிரம் தொண்டையிலிருந்து வந்த "வடிவே, தாயே"யும், அழுகிறவர்களும் சிரிக்கிறவர்களும், கோலத்தின் மேல் சக்கரம் ஏறும்போது இரண்டு பக்கமும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதும், எல்லாம் சேர்ந்து கீழரத வீதி முழுக்க வழிந்தது. முனை வந்தது. தெற்குரத வீதிக்குத் திருப்ப வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் வலது பக்கம் கட்டையைக் கொடுத்தார்கள். தேர் கட்டையை நெரித்துக்கொண்டு இடது பக்கம் திரும்பிப் பாலத்தைப் பார்த்தது.

"நிறுத்து, நிறுத்து!" என்று ஆவுடையப்பன் கத்தினார். வடத்தை நாங்கள் பின்னுக்கு இழுத்தோம். வடம் எங்களை முன்னுக்கு இழுத்தது. பாலத்தின் அந்த முனையில் முத்துக்கனி நின்றுகொண்டிருந்தாள். அவர் தம் வாழ்நாளில் முதல் தடவையாக அவளிடம் நேராகப் பேசினார்.

"ஏ புள்ள, என்ன காரியம் பண்ணியிருக்க? அதை எடு. இப்பமே எடு."

"எடுக்கலாம் ஐயா. பாதி வழியில எடுத்தா அம்பாள் எங்கன போயி நிப்பான்னு எனக்கே தெரியாது. எடுக்கட்டுமா?"

பாலம் தாங்காதே என்று யாரோ சொன்னார்கள். கல் லாரி இருபது வருஷமாகத் தாங்குகிற பாலம் அது என்று வேறு யாரோ சொன்னார்கள். பாலம் தாங்கியது. வடத்தின் முதல் பிடி ஆவுடையப்பன் கையில் இருந்தது. விட்டால் தாத்தாவின் பெயர் போகும், ஊருக்கு ஆகாது. விடாவிட்டால் அந்த மண். அவர் ஒருமுறை திரும்பி எங்களைப் பார்த்தார். எங்கள் கைகளும் வடத்தில்தான் இருந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காலைக் கீழக்கரை மண்ணில் வைத்தார். பிறகு கண்ணைத் திறந்தார். மண் மண்ணாகத்தான் இருந்தது, காலில் கொஞ்சம் சுட்டது.

கீழக்கரையில் யாரும் கோலம் போட்டு வைத்திருக்கவில்லை, ஏனென்றால் யாரும் எதிர்பார்க்கவில்லை. குடத்தில் இருந்த குடிதண்ணீரை எடுத்து வாசலில் தெளித்தார்கள், மாவு கிடைக்காதவர்கள் வெறும் விரலால் ஈர மண்ணில் கோடு இழுத்தார்கள், இசக்கியம்மாள் பழத்தட்டுக்கு வழியில்லாமல் முருங்கைக்காய்க் கட்டையே சக்கரத்தின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தி குலவையிட்டாள், அது வீடு வீடாகத் தொற்றிக்கொண்டு நூற்றுப்பத்து வீட்டுக்கும் போனது. உச்சிக் குடையை மட்டுமே பார்த்துப் பழகின கண்கள் முதல் முறையாக அம்பாளின் முகத்தைப் பார்த்தன. மூக்குத்தி இவ்வளவு பெரிசா என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழுதாள். வடத்தில் இடம் கேட்டு வந்தவர்களுக்கு நாங்கள் நகர்ந்து இடம் விட்டோம். வேறென்ன செய்வோம், வடம் நீளமானதுதான்.

முத்துக்கனி வீட்டு வாசலில் தேர் ஒரு நொடி நின்றது. அவள் ஒரு எவர்சில்வர் தட்டில் கற்பூரமும் ஒரு வாழைப்பழமும் வைத்துத் தூக்கிக் கொடுத்தாள். பட்டர் தேர்த்தட்டிலிருந்து குனிந்து வாங்கிக்கொண்டார்.

"யார் பேருக்கு அர்ச்சனை?"

அவள் வாய் திறப்பதற்குள் பாலத்தின் மேல் சுடலைமணி ஓடி வந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடி வந்தான், கூட்டத்துக்குள் விழுந்து எழுந்து வந்தான்.

"பொம்பளப் புள்ள! அழுதுட்டு! ஏ கனி, நல்லாச் சத்தமா அழுதுட்டு! மதினியும் சொகமா இருக்கா!"

முத்துக்கனி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் ஊர் முழுக்கக் காத்திருந்தது. பிறகு எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பட்டரைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தப் பிள்ளை பேருக்குப் பண்ணுங்க சாமி."

"பேர் என்னம்மா?"

"இன்னும் வைக்கல. பிறந்து பத்து நிமிஷந்தான் ஆவுது."

பட்டர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். பேரில்லாமல் அவர் அர்ச்சனை செய்ததில்லை. அவர் ஆவுடையப்பனைப் பார்த்தார். ஆவுடையப்பன் வேர்த்து விறுவிறுத்து, முழங்கால்வரை புழுதியோடு, வடத்தைப் பிடித்தபடி நின்றார்.

"நட்சத்திரத்தையும் தெருவையும் சொல்லிப் பண்ணும்," என்றார். "அம்பாள் காத்துக்கிட்டிருக்காள்லா."

பட்டர் நிமிர்ந்து, மணியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் அம்பாளிடம் சொன்னார்: கீழக்கரைத் தெரு, உத்திர நட்சத்திரம், இன்றைக்குப் பிறந்த பெண் குழந்தை. கற்பூரம் ஏறி எரிந்தது. வடத்தை விட முடியாததால், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையை நெஞ்சில் வைத்து, மேலக்கரைக்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பிள்ளைக்காகக் கும்பிட்டோம்.